ஹுன்னஸ்கிரிய வழியே

கண்டியிலிருந்து மகியங்கனை ஏறக்குறைய 75 கிலோமீற்றர். எங்கும் நில்லாமற் சென்றால் அரைப்பொழுதுக்குள் சேர்ந்துவிடலாம். அப்படிச் செல்வோரைக் கண்டு நாங்கள் பொறாமைப்படுவதில்லை. சென்ற விடுமுறையில் அன்னையாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்ட எங்களுக்குப் பகல் முழுவதும் வழியிலேயே கழிந்தது.

தெல்தெனியவில் முதலில் இறங்கினோம். இன்று காணும் பட்டினம் புதியது. 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. பழைய பட்டினம் அதன் நீருள் அமிழ்ந்தது. வறட்சிக் காலத்தில் நீர் இறங்கும்போது பழைய கட்டடங்களின் சிதைவுகள் தலைகாட்டுவதுண்டு.

மெதமகாநுவரையை அடுத்த போமுறையிலே, 1815 பெப்ரவரி 18ஆந் திகதி, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தேவியரோடு பிடிபட்டான். நினைவுக்கல் ஒன்று அங்கே உண்டு. மதுரை நாயக்கர் வழிவந்த அம்மன்னன் வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து 1832இல் மாண்டான். “அவர் இந்த ரோட்டாலயா ஓடிவந்தார்?” என்று இளையவன் வினவினான். அன்று ரோடு ஏது! எல்லாம் காடு.

ஹுன்னஸ்கிரியச் சந்தியை அடைந்ததும் அன்னையார் தாமாகவே வண்டியை நிறுத்தச் சொன்னார். தேநீர்க் கடையில் வெறுந்தேநீரும் கித்துள் கருப்பட்டியும் வாங்கினோம். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, அவரோ பஸ் தரிப்பிடத்தையே நோக்கியிருந்தார். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அவர்களுள் ஒருவர் எங்கள் பெரியம்மா. 1972இல், மணமாகிய சில மாதங்களில், ஒரு தகரப் பெட்டியோடு அவர் பஸ் ஏறியது இந்தச் சந்தியிலேதான். கண்டிவரை பஸ்; அப்பால் தலைமன்னாருக்குப் புகைவண்டி. மலைநாட்டு மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. பெரியம்மா இன்று நீலகிரியில், கோத்தகிரிப் பக்கத்தில் இருக்கிறார்.

அன்னையார் கைத்தொலைபேசியை எடுத்தார். “அக்கா, நம்ம சந்தியில நிக்கிறேன்” என்றார். மறுமுனையிலிருந்து வந்த முதற் கேள்வி எங்களுக்கும் கேட்டது: “மூடுபனி இறங்கிருச்சாடி?” உண்மையிலேயே இறங்கியிருந்தது. அதன்பின் இருவரும் நெடுநேரம் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ஐயுற்றோம். அறவில்லை.

இச்சந்தியிலிருந்து இடப்புறம் பிரியும் பாதை லூலுவத்தை வழியாகக் கோபெட் கணவாய்க்கும், அப்பால் மீமுரைக் கிராமத்துக்கும் செல்கிறது. மூடிய கைம்முட்டியின் மொளிகளைப் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் ‘நக்கிள்ஸ்’ என்றழைத்த தும்பறை மலைத்தொடர் அங்கேதான் விரிகிறது. 2010இல் அது உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. ஒடுங்கிய பாதையாதலால், பெரிய வண்டியோடு மூடுபனியில் அங்கே ஏறுவது வீண் துணிச்சல் என்பது எங்கள் கருத்து. பிள்ளைகள் முணுமுணுத்தனர், பொருட்படுத்தவில்லை.

உடதும்பறையைக் கடந்தபின் பதினெட்டு வளைவு. முன்னரிலும் பாதை அகலமாக்கப்பட்டுள்ளது. ஆயினும் தாழ்ந்த கியரிலே இறங்குதல் நன்று. ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டினோம். கீழே சமவெளியும், அதனிடையே மகாவலியும் வெயிலில் கிடந்தன. மேலே குளிரென்று போர்த்திய சால்வையை அன்னையார் கழற்றி மடித்து, மிஞ்சிய கருப்பட்டியைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டார்.