வரைபடத்தில் இல்லாத கோயில்



சில ஆண்டுகளுக்கு முன்பு ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கெடா மாநிலத்தின் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இந்த வட்டாரமே என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருந்ததால், பிள்ளைகள் மிகுந்த ஆவலோடு வந்தார்கள். மலாய் மொழியில் சண்டி எனப்படும் பழங்கோயில்களுக்கு ஆய்வாளர்கள் எண்கள் இட்டிருப்பதைச் சொன்னேன். புக்கிட் பத்து பாஹாட் சண்டியைச் சுற்றி வந்த ஒரு மாணவி, "ஐயா, இது எட்டாம் எண் என்றால், பதினொன்றாம் எண் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள்.

"அதை இடித்துவிட்டார்கள், அம்மா" என்று சொல்வதற்குள் என் தொண்டை அடைத்துக்கொண்டது.

2013ஆம் ஆண்டின் இறுதியில் நாளேடுகளில் வந்த செய்தியைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். சுங்கை பத்துவில், வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சீர்செய்தபோது பதினொன்றாம் எண் சண்டி தரைமட்டமாக்கப்பட்டது. அது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. நிலமோ தனியாருடையது; மரபுடைமைத் தலமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டதும் அன்று. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆய்வாளர்களின் நூல்களில் அந்தச் சண்டி எண்ணோடு இருந்தது. ஆனால், அந்த எண் மண்வாரி இயந்திரத்தைத் தடுத்து நிறுத்தவில்லை.

அறிந்தவர் ஓரிடத்திலும் அனுமதி தருபவர் வேறோரிடத்திலும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அண்மையில், நகரத் திட்டமிடல் துறையில் பணிபுரியும் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பேச்சு இந்தச் சண்டியைப் பற்றித் திரும்பியது. அவன் தன் மடிக்கணினியைத் திறந்து, கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் இலவச வரைபட மென்பொருளைக் காட்டினான்.

"ஐயா, சிறுவயதில் கண்ணாடித் தாளை வரைபடத்தின் மீது வைத்து வரையச் சொன்னீர்களே, இதுவும் அதுதான்" என்றான். ஒரு தாளில் ஆறுகள், இன்னொன்றில் வனக்காப்பகங்கள், மற்றொன்றில் மலைச்சரிவுகள், வேறொன்றில் பழந்தலங்கள். இவற்றை அடுக்குகள் என்கிறார்கள். கட்டுமானத்துக்கு விண்ணப்பித்த நிலத்தின் எல்லையை இவற்றின் மீது வைத்தால், அது எதைத் தொடுகிறது, எதிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது என்பதை மென்பொருள் நொடியில் சொல்லிவிடும். கோப்பு ஒவ்வொரு துறையாகச் சென்று திரும்புமுன்னரே, எதை ஆழ்ந்து ஆராய வேண்டும், எதை விரைந்து முடிக்கலாம் என்று பிரித்துவிடலாம். சுற்றுச்சூழலுக்கும் மரபுடைமைக்கும் தனித்தனியே நடக்கும் பரிசீலனைகள் ஒரே திரையில் சந்திக்கின்றன.

எனக்கு வியப்பாக இருந்தது. "அப்படியானால் இனி எந்தச் சண்டியும் இடிபடாது அல்லவா?" என்றேன்.

அவன் சற்றுத் தயங்கினான். "அடுக்கில் புள்ளி இருந்தால்தான், ஐயா. புள்ளி இல்லாவிட்டால் தடை ஏதுமில்லை என்றே திரை காட்டும். முன்பு ஓர் அதிகாரி நேரில் சென்று பார்க்க வாய்ப்பிருந்தது. இப்போது திரையைப் பார்த்துவிட்டு விரைவாகக் கையொப்பமிடும் ஆபத்தும் இருக்கிறது. பழைய நில அளவை வரைபடங்களின் அளவு முறையும் இன்றைய செயற்கைக்கோள் முறையும் ஒன்றல்ல. முறையாக மாற்றாமல் ஏற்றினால், புள்ளி இடம் பெயர்ந்து பக்கத்து நிலத்தில் போய் நிற்கும்" என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் பிறந்த தோட்டம் நினைவுக்கு வந்தது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் இன்று வீடுகள் நிற்கின்றன. முனியாண்டி கோயில், எங்கள் தாத்தா பாட்டிகளைப் புதைத்த இடுகாடு, இரண்டு வகுப்பறைகள் கொண்ட பள்ளிக்கூடம் ஆகிய இவை எந்த அடுக்கிலாவது இருந்தனவா? பரிசீலித்த அதிகாரியின் முன் அவை வெற்றிடமாகவே தெரிந்திருக்கும். அவரை மட்டும் குறைசொல்லி என்ன பயன்? நாமும் எழுதி வைக்கவில்லையே!

ஆகவே, இவ்வாண்டு என் மாணவர்களுக்கு ஒரு திட்டப்பணி கொடுத்தேன். தத்தம் தாத்தா பாட்டியிடம் கேட்டு, பழைய கோயில், கிணறு, இடுகாடு, பெருமரம் ஆகியவற்றைக் கண்டறிந்து, பெற்றோரின் கைப்பேசியில் நிழற்படமும் இருப்பிடக் குறியீடும் எடுத்து வரவேண்டும். ஒரு சிறுவன் கொண்டு வந்த புள்ளி, செம்பனைகளுக்கு நடுவே பெயர் அழிந்த ஒரு கல்லறை. அவனுடைய பாட்டிக்கு மட்டுமே அங்கு உறங்குபவரின் பெயர் தெரியும். அதை எழுதிக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். புதையல் தேடுவோரும் சிலை திருடுவோரும் இருப்பதால், பழந்தலங்களின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவில் வெளியிடாமல், உரிய துறையிடம் ஒப்படைப்பதே நன்று.

மென்பொருள் விரைவைத் தரும், நினைவைத் தராது. நினைவு நம் வீட்டு முதியவர்களிடம் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.