கருங்குழிக் கோட்டையும் கைநழுவிய சுதந்திரமும்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் செங்கல்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தையும் தாண்டினால் படாளம் வருகின்றது. வேடந்தாங்கல் பறவைகளைக் காணச் செல்வோர் இங்குத் திரும்புவர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர் இது. இதற்கு அடுத்த இரயில் நிலையம் கருங்குழி. அங்கே ஒரு காலத்தில் பெயர் பெற்ற கோட்டை ஒன்று இருந்தது. அக்கோட்டையின் கதை, நம்மவர் தமக்குள் போரிட்டு நாட்டை இழந்த கதையாகும்.

தில்லியின் பிடி தளர்ந்த காலம் அது. 1724 முதல் தக்காணத்தில் நிஜாமுல் முல்க் தனியரசராகவே ஆண்டு வந்தார். ஆற்காட்டு நவாபுகளும் பெயரளவிலேயே பிறருக்குக் கட்டுப்பட்டிருந்தனர். தென்னகம் தன் காலில் நிற்கக்கூடிய வேளை வந்திருந்தது. 1748இல் நிஜாம் மறைந்ததும் அவ்வேளை குலைந்தது.

அவருடைய மகன் நாசிர் ஜங்கும், மகள் வயிற்றுப் பேரர் முஸஃப்பர் ஜங்கும் அரியணைக்குப் போட்டியிட்டனர். ஆற்காட்டிலோ, முன்னாள் நவாப் தோஸ்த் அலிகானின் மருமகன் சந்தா சாஹிப், ஆட்சியிலிருந்த அன்வருத்தீன்கானை எதிர்த்தெழுந்தார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போர்க்களத்தில் அன்வருத்தீன்கான் உயிர் துறந்தார். அவர் மகன் முஹம்மது அலி திருச்சிக் கோட்டையில் தஞ்சம் புகுந்தார்.

ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் இரு அணிகளாயினர். சமரசம் செய்ய முன்வருவாரில்லை. சந்தா சாஹிபுக்குப் பிரெஞ்சுக்காரரும், முஹம்மது அலிக்கு ஆங்கிலேயரும் துணை வந்தனர். நாசிர் ஜங்கும் முஸஃப்பர் ஜங்கும் 1751ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். இருவரையும் பலிகொண்டது அவர்தம் பக்கம் நின்ற பட்டாணிய நவாபுகளின் துரோகமே. 1752இல் சரணடைந்த சந்தா சாஹிபின் தலையும் துண்டிக்கப்பட்டது.

அதே ஆண்டு போர் இப்பகுதிக்கும் வந்தது. புதிதாகச் சேர்ந்த 500 சிப்பாய்களுடனும் 200 ஐரோப்பியருடனும் வந்த கிளைவ், கடற்கரையிலுள்ள கோவளம் கோட்டையைக் கைப்பற்றினார். ஹஜ்ரத் தமீம் அன்சாரி அவர்களின் தர்காவால் நாம் நன்கறிந்த கோவளமே அது. அடுத்து, ஏரி சூழ்ந்த செங்கல்பட்டுக் கோட்டையும் அவர் பீரங்கிக்குப் பணிந்தது. கருங்குழி பன்முறை தாக்கப்பட்டு, 1759இல் கூட் என்னும் ஆங்கிலத் தளபதியிடம் வீழ்ந்தது. அப்போது அங்கே மோதிக் கொண்டவர்கள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரருமே. நவாபின் நாட்டில், நவாபின் பெயரால், அந்நியர் இருவர் போரிட்டனர்!

வெற்றி பெற்ற முஹம்மது அலி பெற்றதென்ன? போர்ச் செலவு கடனாயிற்று. கடனுக்கு வட்டி வளர்ந்தது. 1763இல் செங்கல்பட்டுச் சீமையையே கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். கருங்குழியும் அதனைச் சூழ்ந்த வயல்களும் ஏரிகளும் உதவிக்கு வந்தவரின் உடைமையாயின. 1795இல் அவர் மறைந்தார். 1801இல் எஞ்சிய ஆட்சியும் பறிபோயிற்று. தோற்றவர் தலையை இழந்தார். வென்றவர் நாட்டை இழந்தார்.

வாசகர்களே, வேடந்தாங்கலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது கருங்குழியையும் காட்டுங்கள். கோட்டையின் பெரும்பகுதி இன்று அழிந்துவிட்டது. ஆயினும் வீட்டு வழக்கைத் தீர்க்க வெளியாரின் வாளை நாடினால், தீர்ப்புக்குப்பின் வீடே மிஞ்சாது என்பதை எஞ்சிய மேடுகளைக் காட்டியே அவர்களுக்கு விளக்கலாம்.