சக்கரக் காற்றும் எச்சரிக்கை விளக்கும்

மோட்டார் வண்டி எத்துணைப் பெரியதாயினும், அது நிலத்தைத் தொடுவது ஒவ்வொரு டயரின் அடியிலும் உள்ளங்கை அளவேயான இடத்தில்தான். அவ்விடத்தில் வண்டியின் பாரத்தைத் தாங்கி நிற்பது கண்ணுக்குப் புலனாகாத காற்று. அக்காற்றுக் குறையுமாயின் டயரின் பக்கங்கள் மிகுதியாக வளைந்து சூடேறும், எரிபொருள் வீணாகும், விரைந்து செல்லுங்கால் டயர் வெடித்தலும் கூடும். இக்குறையை ஓட்டுநருக்கு உணர்த்தும்பொருட்டு எழுந்ததே டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவி. 1986-இல் வெளிவந்த போர்ஷே 959 இதனை முதன்முதற் கொண்டிருந்த கார்களுள் ஒன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2007 செப்டம்பர் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதலும் புதிய கார்கள் அனைத்திற்கும் இது கட்டாயமாயிற்று.

இக்கருவி இருவகைப்படும். ஒன்று, சக்கரத்தினுள்ளே அமர்ந்து அழுத்தத்தை நேரே அளந்து, வானொலி அலைகளின் வழியே அறிவிப்பது. மற்றொன்று, காற்றிழந்த சக்கரம் சற்றே சிறுத்து ஏனையவற்றினும் விரைந்து சுழல்வதைக் கொண்டு குறையை உய்த்துணர்வது. முன்னதன் மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்துபோம். பின்னதோ, நான்கு சக்கரங்களும் ஒருங்கே காற்றிழப்பின் அதனை அறியாமற் போதலும் உண்டு.

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். எங்கள் இல்லத்து உணவும் எனது கல்லூரிச் சம்பளமும் அவ்வண்டியினின்றே வருவன. சென்ற ஐப்பசியில் ஓரிரவு, மதுரையினின்று மீளும் வழியில், வண்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இறங்கி நோக்கினால், பின்சக்கரத்தில் ஓர் ஆணி! மழையும் இருளும் சூழ்ந்த அச்சாலையில் வேறெவ்வாற்றானும் அதனை அறிந்திருத்தல் அரிது. வண்டியிலோ ஒரு மூதாட்டியாரும் இரண்டு குழந்தைகளும் இருந்தனர். அவ்விளக்கிற்கு எங்கள் குடும்பம் கடன்பட்டுள்ளது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் தந்தையார் வைகறைதோறும் அளவுமானியைக் கையிற்கொண்டு நான்கு டயர்களையும் அளக்கும் வழக்கத்தை விட்டாரல்லர். “விளக்குத்தான் இருக்கிறதே, அப்பா, இஃதெதற்கு?” என்று என் தம்பி ஒருநாள் வினவினான். அவர் விடைகூறாது, அளவுமானியை அவனிடம் நீட்டினார். 33 இராத்தல் இருக்கவேண்டிய முன்சக்கரத்தில் 26 இராத்தலே இருந்தது. விளக்கோ எரியவில்லை! உரிய அழுத்தத்தில் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தால் விளக்கு எரிதல்வேண்டும் என்பது அமெரிக்க விதி. எங்கள் கருவியும் அம்முறையில் அமைந்ததே. 33-க்கு அவ்வெல்லை 25-க்கும் சற்றுக் கீழே நிற்கின்றது. அதுவரை கருவி வாய்திறவாது. டயரோ அதற்கு முன்னரே தேயத் தொடங்கிவிடும்.

எரியும் விளக்கின் சொல்லை நாம் உடனே நம்புதல் வேண்டும். எரியாத விளக்கைக் கண்டு, எல்லாம் நலமே என்று கொள்ளுதல் தகாது. தேய்ந்த டயரையும், அதன் பக்கத்தில் விழுந்த வெடிப்பையும் அக்கருவி காணமாட்டாது. ஆதலின், திங்களுக்கொருமுறையேனும், நெடும்பயணத்திற்கு முன்னும், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பார்த்தல் நன்று. அதற்குச் செல்லும் பொழுது சில நிமிடங்களே; வண்டியில் நம்மை நம்பி ஏறுவோரின் உயிரோ விலைமதிப்பற்றதன்றோ!