ஒன்பது கட்டம்

மதுரையில் ஒரு கல்லூரி. இரண்டாம் மாடி. சுற்றுலா மேலாண்மை, மூன்றாம் ஆண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. மின்விசிறிகள் நான்கு. சுற்றுவது மூன்று.

கரும்பலகையின் மேல் ஒரு சார்ட். அதில் ஒன்பது கட்டங்கள். பிசினஸ் மாடல் கேன்வாஸ். ஆஸ்டர்வால்டரும் பீனியரும் 2010இல் புத்தகமாகப் போட்டது, இங்கே ஸ்கெட்ச் பேனாவில் வந்து சேர்ந்திருக்கிறது. வலது கீழ் மூலையில் செலோடேப் விட்டுப்போயிருக்கிறது. வருமானம் என்ற கட்டம் சுருண்டு மறைகிறது. மேடம் வந்து விரலால் அழுத்துகிறார். ஒட்டுகிறது. மேடம் திரும்புகிறார். சுருள்கிறது.

பாடத்தின் பெயர் தொழில்முனைவோர் மேம்பாடு. வருகைப் பதிவேட்டில் சுருக்கமாக ‘ஈ.டி.’

முதல் ஸ்லைடு தாமஸ் குக். 1841, ஜூலை 5. லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயில். ஏறத்தாழ 500 பேர், தலைக்கு ஒரு ஷில்லிங். மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போன பயணம். கடைசி வரிசையில் ஒருவன் சிரிக்கிறான். மேடம் அடுத்த ஸ்லைடுக்குப் போகிறார். அந்த நிறுவனம் 2019 செப்டம்பரில் திவாலாகி, ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகள் வெளிநாடுகளில் சிக்கிக்கொண்ட கதைக்கு ஸ்லைடு இல்லை.

“படிச்சு முடிச்சுட்டு யார் யார் சொந்தமா தொழில் தொடங்கப் போறீங்க? கையத் தூக்குங்க.”

முதல் வரிசையில் கைகள் வேகமாக எழுகின்றன. நடு வரிசைகளில் முழங்கை மேசையிலேயே இருக்கிறது. விரல்கள் மட்டும் நிமிர்கின்றன. கடைசி வரிசையில் ஒருவன் பக்கத்திலிருப்பவனின் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறான். மேடம் எண்ணுகிறார். இருபத்தாறு. டைரியில் குறிக்கிறார்.

ஜன்னலோரம் கட்டம் போட்ட சட்டை. கை எழவில்லை. கண்கள் சிவந்திருக்கின்றன. டவுன் ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜில் அவனுக்கு இரவு ரிசப்ஷன் வேலை.

வினாத்தாள் வருகிறது. மதிப்பெண் கிடையாது. மேடத்தின் ஆய்வுக்கு. முப்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டங்கள். ‘முற்றிலும் உடன்படவில்லை’ முதல் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ வரை. ஒரு பையன் நான்காவது வட்டத்தில் தொடங்கி மேலிருந்து கீழே ஒரே கோடாக டிக் போட்டு இறங்குகிறான். ஒரு நிமிடத்தில் முடிக்கிறான். பேனாவை மூடுகிறான்.

நீலத் துப்பட்டாக்காரி ஒவ்வொன்றாகப் படிக்கிறாள். பதினான்காவது வாக்கியம்: ‘நான் தொழில் தொடங்க முடிவெடுத்தால் என் பெற்றோர் ஆதரிப்பார்கள்.’ பேனா நிற்கிறது. இரண்டாவது வட்டத்துக்கும் மூன்றாவது வட்டத்துக்கும் நடுவே ஒரு புள்ளி விழுகிறது. பதினைந்துக்குப் போகிறாள்.

அவளுடைய நோட்டுக்கடியில் குரூப் 4 கைடு. அடையாளத்துக்கு உள்ளே ஒரு பஸ் டிக்கெட். பக்கத்து மேசையிலும் அதே கைடு. அதற்கும் அடுத்த மேசையில் பழைய பதிப்பு.

*

செமினார் ஹால். ‘நான் முதல்வன்’ போஸ்டருக்குக் கீழே மாவட்டத் தொழில் மையத்து அதிகாரி. பூங்கொத்து கொடுக்கிறார்கள். வாங்கி மேசையில் வைக்கிறார். போட்டோக்காரர் மறுபடி கொடுக்கச் சொல்கிறார். மறுபடி வாங்குகிறார்.

‘நீட்ஸ்’ திட்டத்தை விளக்குகிறார். திட்ட மதிப்பு 10 லட்சத்துக்கு மேல், 5 கோடி வரை. 25 சதவீதம் மானியம். சொந்தப் பணம் பொதுப்பிரிவுக்கு 10 சதவீதம், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 5. ஹாலில் பேனாக்கள் ஓடுகின்றன. கோடி என்ற சொல் வரும்போது கொஞ்சம் வேகமாக ஓடுகின்றன.

நீலத் துப்பட்டா எழுகிறாள்.

“சார், எங்களுக்கு நாப்பதாயிரம் போதும்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றுகிறார். இந்தக் கேள்வி அவருடைய தாளில் இல்லை.

“அதுக்கு முத்ரா இருக்கும்மா. சிசு கடன். 50,000 வரைக்கும். அடமானம் தேவையில்ல.”

“பேங்க்ல கேட்டா குடுப்பாங்களா சார்?”

டீ வருகிறது. அதிகாரி டீயை எடுக்கிறார். நன்றியுரை தொடங்குகிறது.

*

குழுக்கள் ஆறு. ஐந்து குழுக்களின் திட்டம் ஆப். பெயர்களில் ‘கோ’ இருக்கிறது, அல்லது ‘ட்ரிப்’ இருக்கிறது. ஒன்றில் இரண்டும் இருக்கின்றன.

வாடிக்கையாளர் யார் என்ற கட்டத்தில், ‘18 முதல் 60 வயது வரை அனைவரும்.’ அபாயங்கள் என்ற இடத்தில், ‘கொரோனா, மழை, போட்டி.’ முதல் ஆண்டு வருமானம் 12 லட்சம். பையன் எக்செல்லில் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுக்கிறான். ஐந்து ஆண்டுகள் தாமாக நிரம்புகின்றன. வகுப்பு கைதட்டுகிறது.

ஆறாவது குழுவில் நான்கு பேர். நீலத் துப்பட்டா, கட்டம் போட்ட சட்டை, இன்னும் இருவர். சார்ட்டில் ஒரே ஊர்: அரிட்டாபட்டி. நடைப்பயணம். தலைக்கு 350 ரூபாய். கைதட்டல் சுமார்.

மேடம் எழுகிறார்.

“இன்டர்னல் மார்க்குக்கு பி.பி.டி. போதாது. தெரியாத ஆளுககிட்ட நிஜக் காசு வாங்கி, ஒரு டூர் நடத்திக் காட்டணும்.”

ஆப் போட்ட குழுக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. ‘தெரியாத ஆளு’ என்பதில் சித்தி சேருமா என்று ஒருவன் கேட்கிறான். சேராது.

*

ஞாயிறு காலை, பெரியார் பேருந்து நிலையத்துக்கு வெளியே. வேனின் முன்கண்ணாடியில் ஏ4 தாள். அதில் குழுவின் பெயர். வேன் நீலத் துப்பட்டாவின் தாய்மாமனுடையது. டீசலுக்கும் டிரைவர் படிக்கும் சேர்த்து 1,800.

பத்துப் பேர் வந்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற தபால்துறைக்காரரும் மனைவியும். பள்ளி ஆசிரியைகள் நால்வர். பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்த ஜோடி. தொப்பி போட்ட சிறுவன், அவன் அம்மா. பதினோராவது ஆள் இல்லை. போன் அடிக்கிறது, எடுப்பாரில்லை. தபால்துறைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மனைவி அவரைப் பார்க்கிறார். இருபது நிமிடம் கழித்து நீள லென்ஸ் கேமராவோடு ஒருவர் நடந்து வருகிறார். இன்னொரு கையில் வடைப் பொட்டலம்.

“லேட்டாயிருச்சா?”

“இல்ல சார், வாங்க சார்,” என்கிறாள் நீலத் துப்பட்டா. பற்கள் தெரிகின்றன.

அரிட்டாபட்டி. மேலூர் வட்டம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். அறிவிப்பு வந்தது 2022 நவம்பரில். ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள் என்கிறது அரசுக் குறிப்பு. ஊர்ச் சுவரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரான எழுத்துகள் மங்கிக் கிடக்கின்றன. சுரங்க ஏல முடிவு வெளியானது 2024 நவம்பரில். ரத்தானது 2025 ஜனவரியில். ஆறாவது குழுவின் அபாயப் பட்டியலிலும் கொரோனா, மழை, போட்டி மட்டுமே உண்டு.

பாறை ஏற்றம். சமணர் குகை. புருவத்தில் மழைநீர் வடிய வெட்டிய காடி. அதன் பக்கம் தமிழி எழுத்து. நீலத் துப்பட்டா போனை எடுக்கிறாள். பேசவேண்டியது எல்லாம் டிரைவில் இருக்கிறது. டவர் இல்லை. போனை உயர்த்துகிறாள். இடம் மாறி நிற்கிறாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கிறது.

“இது வந்து... கி.மு....”

ஆசிரியைகள் நால்வரும் உதவத் தயாராக நிற்கிறார்கள். அது ஆசிரியைகளின் வழக்கம்.

ஆட்டு மந்தையோடு ஒரு பெரியவர் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார். குழு அவருக்கு 300 ரூபாய் பேசியிருக்கிறது, வழி காட்ட மட்டும். அவர் துண்டை உதறித் தோளில் போடுகிறார்.

“எழுத்து அங்கிட்டு இல்ல தாயி. இங்கிட்டு வந்து பாருங்க. வெயிலு சாஞ்சு விழுகயிலதான் தெரியும்.”

பதினொரு தலைகள் திரும்புகின்றன. எழுத்து தெரிகிறது. பெரியவர் நிறுத்தவில்லை. எதிர்ப் பாறையில் வல்லூறு எந்த இடுக்கில் குஞ்சு பொரிக்கும், எந்தச் சுனையில் சித்திரையிலும் தண்ணீர் கிடக்கும், தேவாங்கு எந்த மரத்தில் ஒண்டும். கேமராக்காரர் வடைப் பொட்டலத்தைக் கீழே வைக்கிறார். சிறுவன் தொப்பியைக் கழற்றுகிறான். நீலத் துப்பட்டா போனைப் பைக்குள் போட்டுவிட்டு, நோட்டை எடுத்து, பயணிகளோடு பயணியாக உட்கார்ந்து எழுதுகிறாள்.

குடைவரைக் கோயில். பாண்டியர் காலம். உள்ளே லிங்கம், வாசல் பக்கம் இலகுலீசர் சிற்பம். தமிழகத்தில் அபூர்வம் என்று கட்டம் போட்ட சட்டை சொல்கிறான். ஒரே வாக்கியம். பிறகு படியில் பாசி இருக்கும் இடத்தில் போய் நின்றுகொள்கிறான். இறங்குபவர்களுக்கு முழங்கையைக் கொடுக்கிறான்.

தபால்துறைக்காரர் மனைவி நீலத் துப்பட்டாவின் காதில் ஏதோ கேட்கிறார். அவள் முகம் மாறுகிறது. சுற்றிலும் பாறை, வயல், கண்மாய். பாத்ரூம் இல்லை. ஒன்பது கட்டங்களில் எதிலும் இல்லை.

கட்டம் போட்ட சட்டை ஏற்கெனவே தெருமுனை வீட்டு வாசலில் நிற்கிறான். செருப்பைக் கழற்றியிருக்கிறான்.

“அக்கா, வயசானவங்க. ஒரு அஞ்சு நிமிசம்.”

அந்த அக்கா உள்ளே போகிறார். பக்கெட் கழுவும் சத்தம். புது சோப்பு உறை கிழியும் சத்தம். அம்மாள் போகிறார். பின்னாலேயே ஆசிரியைகள் நால்வரும் வரிசை. இவ்வளவு நேரம் யாருக்கும் தேவை இருந்ததாகத் தெரியவில்லை. அக்கா காசு வேண்டாம் என்கிறார். அவன் வீட்டுத் திண்ணையில் 50 ரூபாயை வைத்து, மேலே ஒரு கல்லை வைக்கிறான்.

புளியமர நிழலில் சாப்பாடு. வாழையிலை, மோர். நீலத் துப்பட்டாவின் போன் அடிக்கிறது. இங்கே டவர் இருக்கிறது.

“எங்கம்மா இருக்க?”

“டூர்ல இருக்கேன்ப்பா.”

“காலேஜ் டூரா?”

“ஆமாப்பா.”

“சரி. பேங்க் கோச்சிங்குக்குப் பணம் கட்டியாச்சு. திங்கக்கெழம கிளாஸ்.”

போனைக் கவிழ்த்து வைக்கிறாள். இலையைப் பார்க்கிறாள். தபால்துறைக்காரருக்கு மோர் தீர்ந்துவிட்டதைப் பார்க்கிறாள். எழுந்து சொம்பை எடுக்கிறாள்.

*

வகுப்பு. கரும்பலகையில் கணக்கு. வரவு 3,850. வேன் 1,800. சாப்பாடு 1,120. பெரியவர் 300. மோர் 200. அட்டை, பிரிண்ட் 150. தண்ணீர் 120. கடைசி வரி, ‘பாத்ரூம் அக்கா 50’. லாபம் 110. நான்கு பேருக்குத் தலா 27 ரூபாய் 50 காசு. ஆப் குழுக்கள் சிரிக்கின்றன. கோடிகள் அவர்கள் பக்கம்தான்.

“வேன் வாடகை மார்க்கெட்ல எவ்வளவு?” என்கிறார் மேடம்.

“3,500 மேடம்.”

“மாமா இல்லாத பொண்ணு இந்தத் தொழில் பண்ணா?”

சாக்பீஸ் நகர்கிறது. 1,800 அழிகிறது. லாபம் இருந்த இடத்தில் நட்டம் 1,590. சிரிப்பு நிற்கிறது. நீலத் துப்பட்டா 350ஐ அழித்து 500 என்று எழுதுகிறாள். மிச்சம் 60 ரூபாய். அழிக்கிறாள். 600 என்று எழுதுகிறாள். அழிக்கிறாள். அங்கேயே நிற்கிறாள். மறுபடி 600 எழுதுகிறாள், இம்முறை அழுத்தி. சாக்பீஸ் உடைகிறது.

“இந்த விலைக்கு அந்தப் பதினோரு பேர்ல எத்தன பேர் வருவாங்க?”

“அஞ்சு பேர்கிட்ட கேட்டேன் மேடம். மூணு பேர் வர்றேன்னாங்க. பறவை மட்டும் தனியா ஒரு டூர் போடச் சொல்லி கேமரா சார் மெசேஜ் பண்ணியிருக்காரு.”

அவளை யாரும் இப்படிக் கேட்கச் சொல்லவில்லை. மேடத்தின் பேனா சிறிது நேரம் எதையும் குறிக்கவில்லை.

வினாத்தாள் மறுபடி வருகிறது. அதே முப்பது வாக்கியங்கள். இந்த முறை கோடாக டிக் போட்டு இறங்குபவன் பாதியில் நிற்கிறான். ‘தொழில் தொடங்கத் தேவையான திறமை என்னிடம் உள்ளது.’ மூன்றுக்குப் போகிறான். நீலத் துப்பட்டா அதே வாக்கியத்துக்கு ஐந்தாவது வட்டத்தைத் தீட்டுகிறாள். பதினான்காவது வாக்கியத்தில் முன்போலவே நடுவில் ஒரு புள்ளி.

“கையத் தூக்குங்க.”

பதினொன்று.

*

துறை அறை. மேடத்தின் மேசையில் ஆய்வுக் கோப்பு. முதல் பக்கத்தில் கருதுகோள்: ‘தொழில்முனைவுக் கல்வி மாணவர்களின் தொழில் தொடங்கும் ஆர்வத்தை உயர்த்துகிறது.’ அதைத் தட்டச்சு செய்து பைண்டிங் போட்டாகிவிட்டது.

பக்கத்தில் இரண்டு ஜெராக்ஸ் கட்டுரைகள். இரண்டுக்கும் ஆண்டு 2010. ஒன்று ஜெர்மனியின் மியூனிக்கில் கட்டாயப் பாடம் படித்த மாணவர்களைப் பற்றியது. பாடம் முடிந்தபோது தம் திறமை கூடியதாக அவர்கள் சொன்னார்கள். தொழில் தொடங்கும் எண்ணம் சற்றுக் குறைந்திருந்தது. தமக்கு இது ஒத்துவருமா வராதா என்று தெரிந்துகொள்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். மற்றொன்று நெதர்லாந்தில் மாணவர்களே சின்னக் கம்பெனி நடத்திப் பார்த்த திட்டத்தைப் பற்றியது. அங்கேயும் எண்ணம் இறங்கியது.

‘குறைந்தது’ என்ற இடங்களில் மஞ்சள் மார்க்கர். மேடம் டைரியைத் திறக்கிறார். இருபத்தாறைப் பார்க்கிறார். பதினொன்றைப் பார்க்கிறார். மார்க்கரின் மூடியைத் திறந்து, மூடி, திறக்கிறார். துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, இந்த வருட ‘தொழில்முனைவோர் எண்ணிக்கை’யை மதிப்பீட்டுக் குழுவுக்கு மாலைக்குள் அனுப்பவேண்டும் என்கிறார்.

*

கல்லூரிக்கு எதிரே பிரவுசிங் சென்டர். கண்ணாடிக் கதவு முழுக்க ஸ்டிக்கர். பான் கார்டு, பட்டா, வில்லங்கம், ஹால் டிக்கெட், உத்யம். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பொன்னிற ஃப்ரேமில் முருகன். உரிமையாளர் எட்டாம் வகுப்பு. வாசலில் குரூப் 4 விண்ணப்பத்துக்கு நீள வரிசை. அதில் கட்டம் போட்ட சட்டையும் நிற்கிறான். முறை வருகிறது.

“குரூப் 4ஆ தம்பி?”

“இல்லண்ணே. உத்யம்.”

உரிமையாளர் நிமிர்ந்து பார்க்கிறார். கீபோர்டை இழுத்துக்கொள்கிறார்.

“உற்பத்தியா, சேவையா?”

“சேவை. டூர் ஆபரேட்டர். கோடு 79120 போடுங்க.”

“முதலீடு?”

பையன் யோசிக்கிறான். போனை எடுத்துக் கணக்குப் பார்க்கிறான். ஒரு தொகை சொல்கிறான். உரிமையாளர் அதை அடிக்கிறார். ஆதாருக்கு ஓ.டி.பி. வருகிறது. பையன் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். பிரிண்டர் இருமிவிட்டு ஒரு தாளைத் தள்ளுகிறது. அரசு இணையதளத்தில் இந்தச் சிறுதொழில் பதிவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

“முந்நூறு,” என்கிறார் உரிமையாளர்.

“இது ஃப்ரீதானேண்ணே.”

“ஃப்ரீதான் தம்பி. நான் ஃப்ரீ இல்லயே.”

பையன் சிரிக்கிறான். இருநூற்றைம்பதுக்குப் பேசி முடிக்கிறான். தாளை மடிக்கிறான், பிறகு மடிப்பை நீவி நிமிர்த்தி, லேமினேஷனுக்கு எவ்வளவு என்று கேட்கிறான்.