தேடிய இடம் எது?

வலப்பனையிலே தோட்டத்துச் சிறார்க்கு மாலை வேளையிற் கணினி கற்பித்துவரும் யாம், அங்குப் பெற்ற பாடமொன்றை இம்மலர் வாயிலாகப் பழைய மாணவ அன்பர்க்கு உரைக்க விழைகின்றோம்.

‘கொழுந்து’ என்னுஞ் சொல்லில் எழுத்து நான்கு. பைத்தான் மொழியோ யூனிக்கோடுக் குறிகளை எண்ணி எட்டென விடை தரும். பெற்றோர் நாளும் பறிக்குங் கொழுந்தைக் கணினி பிழைபட எண்ணக் கண்டு சிறார் நகைத்தனர். தமிழெழுத்தை முறையாக எண்ணும் சிறு தொகுதியொன்றை அவரோடு கூடி எழுதினோம். பெற்றோர் முன்னிலையில் இயக்கிக் காட்ட நாளுங் குறித்தோம்.

லினக்ஸ் கணினியில் நிறுவினோம், நிறுவியாயிற்று என்றது. அழைத்தோம், அப்பெயரில் தொகுதி இல்லை என்றது. மும்முறை முயன்றும் அதுவே விடை. குறித்த நாளோ மறுநாள்!

அப்பொழுது மாணவி ஒருத்தி, “சேர், அது எங்கே தேடுகிறது என்று கேட்டுப் பார்ப்போமா?” என்றாள். தேடும் இடங்களின் பட்டியலை அச்சிட்டோம். கணினியில் பைத்தான் இரண்டு இருந்தன! ‘பிப்’ ஒன்றில் நிறுவியது. யாம் மற்றொன்றில் அழைத்தோம். “லயத்துக்கு வரும் கடிதம் தோட்டக் கந்தோரிலே கிடப்பது போல” என்றாள் அவள். தனி முகவரியில்லா வாழ்வு கற்பித்த உவமை அது.

இயங்குதளத்தின் கருவிகள் நம்பியிருக்கும் பைத்தானில் வலிந்து நிறுவின் அவையும் பழுதுறக்கூடும். ஆதலின் ‘வென்வ்’ என்னும் தனிச்சூழல் அமைத்து, அதன் பைத்தானைக் கொண்டே நிறுவி, அதனாலேயே இயக்கினோம். மறுநாள் பெற்றோர் முன் ‘நான்கு’ என்று விடை வந்தது.

இல்லையென்று கூறப்பட்ட தொகுதி இருக்கவே செய்தது. மலையகத்திலே திறமை இல்லையென்பார்க்கும் எமது வினா ஒன்றே: தேடிய இடம் எது?