சோக் இழுத்தால்தான் நிற்கும் ஜிப்ஸி

வழக்கமா சுகர், பிரஷர் பத்தி எழுதுற நான் இன்னைக்கு ஒரு பழைய வண்டியோட ஐடிலிங் பிரச்சினையைப் பத்தி எழுதப் போறேன். கடைசி வரை படிங்க. வண்டி இல்லாதவங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு.

என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி ஜிப்ஸி கிங். ஜிப்ஸி நம் நாட்டுக்கு வந்தது 1985-ல். 1.3 லிட்டர் இன்ஜினோடு ‘கிங்’ வந்தது 1996-ல். எம்.பி.எஃப்.ஐ. வந்தது 2000-ல். என்னுடையது அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டி.

கள்ளிக்குடி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருக்கு. ஐப்பசி மழை விழுந்துட்டா அந்த மண் டயரில் அப்பிக்கொண்டு விடவே விடாது. சாதாரண கார் நடுக்காட்டில் உட்கார்ந்துவிடும். ஜிப்ஸி ஃபோர் வீல் போட்டால் ஊர்ந்தாவது ரோட்டுக்கு வந்து சேரும். அதனால்தான் இன்னும் விற்க மனசு வரல.

போன ஐப்பசியில் பிரச்சினை ஆரம்பிச்சது. ஓடும்போது ஒண்ணும் தெரியாது. காளவாசல் சிக்னலில் நின்றால் போதும், உறுமும், இறங்கும், குலுங்கும், ஆஃப் ஆகிவிடும்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஐடிலிங் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினேன். ரெண்டு நாள் நல்லா இருந்தது. மறுபடி குலுங்கியது. இன்னொரு கால் சுற்று. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் பாராசிட்டமாலை மட்டும் முழுங்கிட்டு வர்றவங்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அதையேதான் நானும் செஞ்சேன்.

அப்புறம் சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் வண்டி ஆஃப் ஆகாமல் நிற்கும் என்று கண்டுபிடித்தேன். பெரிய சாதனை மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே அடைமழை. சாரல் அடிக்குதேன்னு ஷெட் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, பானெட்டைத் திறந்து, சோக்கை இழுத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டேன். அரை மணி நேரம் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டினேன். ஷெட்டிலிருந்து வீட்டுக்குள்ளே போகிற கதவு திறந்தே கிடந்தது.

தலை கனத்தது. காலையில் சாப்பிடாததால் இருக்கும்னு நினைச்சேன். அப்பதான் உள்ளே இருந்து அம்மா வந்தாங்க.

“ஏய்யா, எனக்கு மண்டைய இடிக்குது, வயித்தப் பிரட்டுது. உனக்கு ஏதும் செய்யுதா?”

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. ஒரே வீட்டில் ரெண்டு பேருக்கு, ஒரே நேரத்தில், ஒரே மாதிரி தலைவலி. காய்ச்சல் இல்லை. பக்கத்தில் ஓடும் இன்ஜின். இதைப் பரீட்சையில் கேட்டால் எம்.பி.பி.எஸ். மாணவன்கூட பதில் எழுதிவிடுவான்: கார்பன் மோனாக்ஸைடு.

இன்ஜினை அணைத்தேன். ஷட்டரை முழுசா ஏற்றினேன். குடையைப் பிடித்து அம்மாவைக் கூட்டிப்போய் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தேன். பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் 98 காட்டுது. இங்கேதான் பலர் ஏமாறுவாங்க.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமாக இறுகப் பற்றிக்கொள்ளும். விரலில் மாட்டும் கருவியால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. எல்லாமே ஆக்சிஜன் என்று நினைத்து நல்ல எண்ணைக் காட்டிவிடும். உண்மை தெரிய ரத்தத்தில் தனிப் பரிசோதனை வேண்டும். சாதாரணக் காற்றில் அந்த அளவு பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் குறையும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரெண்டு பேருமே ஆக்சிஜன் வாங்கினோம். ராத்திரிக்குள் அம்மா தெளிஞ்சாங்க. கதவு இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே திறந்திருந்தால்? அதை யோசிக்கவே பயமா இருக்கு.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்தார். ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. டாக்டர் மாதிரி ஹிஸ்டரி கேட்டார்.

“ஓடும்போது நல்லாருக்கு. நின்னா குலுங்குது. சோக் இழுத்தா சரியாகுது. அப்ப எங்கயோ ஏர் எடுக்குது சார்.”

விளக்கம் எளிது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் காற்று வழி கிட்டத்தட்ட அடைபடும். இன்ஜின் உள்ளே பலமாக உறிஞ்சும். அப்போது ஒரு சின்ன விரிசல் இருந்தாலும் அதன் வழியாகக் கூடுதல் காற்று புகுந்து பெட்ரோல் கலவையை நீர்த்துவிடும். வேகமாகப் போகும்போது நிறையக் காற்று உள்ளே போவதால் இந்தக் கசிவு கணக்கிலேயே வராது. சோக் இழுத்தால் பெட்ரோல் கூடி, குறையை மறைக்கும். பெட்ரோல் கூடக் கூடப் புகையில் கார்பன் மோனாக்ஸைடும் கூடும். நான் பெருமைப்பட்ட வைத்தியம்தான் அம்மாவைப் படுக்க வைத்தது.

ஷெட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, வேக்யூம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக இறுக்கிப் பிடித்துப் பார்த்தோம். சின்ன ஹோஸ்களுக்கு என் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். ஒரு மாற்றமும் இல்லை. கடைசியாக பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸைத் துணி சுற்றி பிளையரால் நெரித்தார். குலுங்கிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று அடங்கி ஒரே சீராக ஓடியது. அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தால், பழைய ரப்பரில் நகம் நுழையும் அளவு வெடிப்பு.

“பிரேக் பெடல் கல்லு மாதிரி இருந்துச்சா சார்?”

இருந்துச்சு. பத்து நாளா. முழங்கால் வலியால் எனக்குத்தான் அழுத்த முடியலைன்னு நினைச்சிருந்தேன். பூஸ்டருக்கு வேக்யூம் போதாவிட்டால் பிரேக்குக்கு உதவி கிடைக்காது. ஐடிலிங் பத்து நாளாக பிரேக்கைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி அதன் வாயை அடைத்தேன்.

புது ஹோஸ், புது கிளாம்ப். அப்புறம் ஸ்க்ரூக்களைப் பழையபடி வைத்தோம். ஹோஸ் விலை என் கன்சல்டேஷன் ஃபீஸைவிடக் குறைவு.

இவற்றை மட்டும் மனசுல வைங்க:

வண்டியோ ஜெனரேட்டரோ, ஷெட்டுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் ஓடவிடாதீங்க. கதவு, ஜன்னல் பாதி திறந்திருந்தால் போதாது.

மூடிய இடத்தில் ஏசி போட்டு, ஓடும் காருக்குள் தூங்காதீங்க.

ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம் வந்து, வெளியே போனால் குறைந்தால், முதலில் வெளியேறுங்க. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், புகை பட்டதைச் சொல்லுங்க. கர்ப்பிணிகள், குழந்தைகள் என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீங்க.

ஐடிலிங் குலுங்கி, பிரேக்கும் கனத்தால் அந்த வண்டியை ஓட்டாதீங்க.

அம்மா நல்லா இருக்காங்க. ஷெட்டில் இன்ஜின் சத்தம் கேட்டால் முதலில் ஷட்டரைத்தான் வந்து பார்க்கிறாங்க. அப்புறம்தான் என்னைக் கேட்கிறாங்க, “சாப்பிட்டியாய்யா?”