உடும்பு வழக்கு

வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்கு முன்பு நடந்த வழக்கு இது. என் கட்சிக்காரர் மானாவாரி விவசாயி. கரையான் புற்றை வெட்டியபோது வெளிவந்த சாண் நீள உடும்புக் குஞ்சை, நாய் கவ்விவிடும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தவர்.

ஆரம்பத்தில் ஆள் நிழல் பட்டாலே அது சீறி வாலால் அடித்திருக்கிறது. அவர் துரத்திப் பிடிக்கவில்லை. தினமும் ஒரே நேரத்தில் கையைத் தரையில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருப்பார். அது நாக்கை நீட்டி நீட்டி அவர் வாசத்தைப் பழகிக்கொண்டது. தூக்கும்போது வாலைத் தொடாமல், நெஞ்சுக்கும் பின்னங்காலுக்கும் அடியில் கை கொடுப்பார். வனத்துறையினர் வந்தபோது அவர் முழங்கையில் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சாதுத்தனமே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. கிடைத்த வனவிலங்கைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். இவ்வளவு பழகிய பிராணி நேற்றுக் கிடைத்ததாக இருக்க முடியாது என்றது அரசுத் தரப்பு. அவரும் மறைக்கவில்லை. "மூணு வருசமா வளக்கிறேன் சாமி" என்று வனவரிடமே சொல்லியிருந்தார். காவலரிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது. வன அலுவலருக்கு அந்தத் தடை பொருந்தாது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணையிலேயே உடும்பும் இருக்கிறது. கறிக்கும் கஞ்சிராத் தோலுக்கும் அதைக் கொன்ற கைகளை நினைத்தால் அது நியாயமே. ஆனால் சட்டத்தின் பார்வையில் உயிரோடு பிடிப்பதும் வேட்டைதான். அப்போதைய குறைந்தபட்சத் தண்டனையே மூன்றாண்டு சிறை, பத்தாயிரம் ரூபாய் அபராதம். கொல்லப் பிடித்தவனையும் காக்க எடுத்தவரையும் பிரித்துப் பார்க்க நடுவருக்கு அதில் இடமில்லை. தண்டித்தார்.

உடும்பைக் காட்டில் விட ஏற்கெனவே உத்தரவாகியிருந்தது. "ஆளக் கண்டா அது ஓடாதே ஐயா, கிட்ட வருமே" என்று அன்றே என்னிடம் பதறினார். அதை மனுவாக எழுத எனக்கு ஒரு பிரிவும் அகப்படவில்லை.

மேல்முறையீட்டில் விடுதலை வாங்கினேன். பிடிபட்டது உடும்புதான் என்பதற்குக் கால்நடை மருத்துவரின் சான்று கோப்பில் இல்லை என்று வாதிட்டேன். அது உடும்பு என்பது அந்த மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். கட்சிக்காரரைக் காக்க வேண்டியது என் கடமை. ஆனாலும், அவர் செய்தது வேட்டையல்ல என்பதைச் சொல்லி வென்றிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

தீர்ப்பு முடிந்து வெளியே வந்தவர், "எந்தக் காட்டுல விட்டாங்கன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். கோப்பைப் புரட்டினேன். விடுவிப்பு மகஜரில் ஒரு தேதியும் 'காப்புக்காடு' என்ற ஒரு சொல்லும் மட்டும் இருந்தன.